டெங்கிலிலிருந்து சிரம்பானுக்கு – ‘டிரசர்’ படிப்பைத் தேடி ஒரு பயணம்

விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் டெங்கிலைப் பெயர்ப்பலகையில் மட்டும் பார்த்திருப்பார்கள். காரை நிறுத்தி இறங்கியவர்கள் குறைவு. இறங்கிப் பார்த்தால் லங்காட் ஆறும், பழைய சீனக் கடைவரிசையும், மாலையில் பிசாங் கோரேங் பொரியும் வாசனையும், நாலு பேர் நின்று பேச ஒரு சாப்பாட்டுக் கடையும் இன்னமும் இருக்கின்றன. சிலாங்கூர் மாநிலத்தின் சிப்பாங் மாவட்டத்தைச் சேர்ந்த சின்ன ஊர். ஒரு பக்கம் புத்ராஜெயா, இன்னொரு பக்கம் சைபர்ஜெயா, தெற்கே 1998-இல் திறக்கப்பட்ட அனைத்துலக விமான நிலையம். மூன்று பெரிய வீடுகளுக்கு நடுவே அகப்பட்ட குடிசை என்று எங்கள் ஊரைக் கேலியாகச் சொல்வதுண்டு.

அந்தக் காலத்தில் இங்கே ஈயமும் ரப்பரும்தான். ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று, இப்போது அவை பாயா இண்டா என்ற ஏரிப் பூங்காவாகிவிட்டன. பள்ளிப் பிள்ளைகளை அங்கே சுற்றுலா அழைத்துப் போனால் முதலையையும் நீர்யானையையும் பார்த்துவிட்டு வருவார்கள். தங்கள் பாட்டனார் காலத்தில் அங்கே ஈயம் எடுத்தார்கள் என்று சொன்னால் நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது.

ரப்பரின் கதை இன்னும் பெரியது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர், அந்தப் போரில் இருந்து திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் இப்பகுதியில் ஒரு தோட்டம் போட்டார்கள். அதற்குப் ‘பெராங் பெசார்’, அதாவது பெரும்போர், என்றே பெயரிட்டார்கள். அங்கே உருவாக்கிய ரப்பர் இனங்களுக்கு அந்தத் தோட்டத்தின் பெயரைச் சுருக்கிப் ‘பி.பி.’ என்று எண்ணிட்டார்கள். பி.பி. 86 கேரளத்து மலைச்சரிவு வரைக்கும் போய் வேரூன்றியது. அந்த மரங்களை நட்டு, ஒட்டுக் கட்டி, பால் வெட்டிய கைகள் நம்மவர்களுடையவை. பிறகு 1990-களில் அங்கே நாட்டின் நிர்வாகத் தலைநகரம் எழுந்தது. 1999-இல் பிரதமர் அலுவலகமே புத்ராஜெயாவுக்குக் குடிபெயர்ந்தது. பெராங் பெசார், மேடிங்லி, கேலவே, செஜ்லி ஆகிய தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தன. வீட்டுக்கு முன்னால் கறிவேப்பிலையும் முருங்கையும் வைத்திருந்தவர்கள் மாடியில் பூந்தொட்டி வைத்து வாழப் பழகினார்கள்.

இந்த அடுக்குமாடியில் இருந்துதான் ஒரு தாயும் மகனும் என்னைத் தேடி வந்தார்கள். பையன் எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். இப்போது எஸ்.பி.எம். முடிவு கையில் இருந்தது. உட்காரச் சொன்னேன்; தாயார் உட்காரவில்லை.

“சார், இவன் டிரசர் வேலைக்குத்தான் படிக்கணும்னு நிக்கிறான். இவங்க தாத்தா தோட்டத்து ஆஸ்பத்திரியில பங்கா இழுத்தவரு. மார்க்கு ரொம்ப சுமார்தான். எந்தக் காலேஜுல போடலாம்னு நீங்கதான் சொல்லணும்.”

‘டிரசர்’ என்ற சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி வெள்ளை உடுப்புப் போட்டவர் டிரசர்தான். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர் என்ற ஆங்கிலச் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. அரசாங்கப் புத்தகத்தில் அவர் ‘ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட்’. டாக்டர் வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ காரில் வந்து, பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலும் பேதியும் பாம்புக்கடியும் பிரசவ வலியும் டிரசர் தலையில்தான். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் மிக்ஸ்சர் மருந்தை வாங்க வீட்டிலிருந்தே போத்தல் கொண்டு போக வேண்டும். போத்தலின் பக்கத்தில், எவ்வளவு குடிக்க வேண்டும் என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டித் தருவார். அது சிவப்பாக இருக்கும், கசக்கும், எந்த நோய்க்கும் அதுதான் என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் இரவு ஒரு மணிக்குக் கதவைத் தட்டினால் சைக்கிள் விளக்கோடு வருகிறவர் அவர் ஒருவர்தான்.

எல்லா டிரசரும் தெய்வம் என்று நான் சொல்லமாட்டேன். காலைப் பிரட்டில் தலைவலி என்று சொன்ன ஆளுக்குச் சீட்டு எழுதுவதா, வேலைக்கு அனுப்புவதா என்ற இடத்தில் சிலர் துரையின் ஆளாக நடந்துகொண்டதுண்டு. அந்தக் கசப்பும் நம் பெரியவர்களிடம் இருக்கிறது.

அந்த வேலைக்கு நம் வட்டாரத்தில் நீண்ட வேர் உண்டு. 1901-இல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தே மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1897-இல், இந்தியாவின் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். வாட்சனைப் போன்ற மருத்துவர் ஒருவர் எத்தனை தோட்டத்துக்குத்தான் போக முடியும்? லயம் லயமாக ஏறி இறங்கிக் கொய்னா கொடுத்து, யாருக்குக் காய்ச்சல் என்று கணக்கெழுத ஆட்கள் வேண்டியிருந்தார்கள். அந்த ஆட்கள் டிரசர்கள்.

சுதந்திரம் பெற்ற பிறகு 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய ஒரு தனிச் சட்டமே வந்தது. பதிவில்லாதவர் அந்த வேலையைப் பார்க்கக்கூடாது என்பது அதன் நோக்கம். 1977-இல் அரசாங்க மருத்துவ உதவியாளர்களுக்கு இன்னொரு பதிவுச் சட்டம் வந்தது. ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட் என்பது மெடிக்கல் அசிஸ்டன்ட் ஆகி, இன்று மலாயில் ‘பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்’ என்றும் நம் பத்திரிகைகளில் ‘உதவி மருத்துவ அதிகாரி’ என்றும் வழங்குகிறது. பெயர் வளர்ந்துவிட்டது. தோட்டம் மறைந்துவிட்டது. வேலை மட்டும் மாறாமல் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நம்மை விசாரிக்கிறவர், வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுகிறவர், உடைந்த கைக்கு மாவுக்கட்டுப் போடுகிறவர், ஆம்புலன்ஸில் ஓடி வருகிறவர் எல்லாம் பெரும்பாலும் இவர்களே. கடலில் எண்ணெய் தோண்டும் மேடையிலும் இவர்களுக்கு வேலை இருக்கிறது. நெடுங்காலம் ஆண்களே பார்த்த வேலையில் இப்போது பெண்பிள்ளைகளும் சேர்கிறார்கள்.

சரி, பையனின் மதிப்பெண்ணுக்கு வருவோம்.

தேர்வுத்தாளை வாங்கிப் பார்த்தேன். தமிழ்மொழி ஏ மைனஸ், நன்னெறிக் கல்வி பி பிளஸ், மலாய்மொழி பி, அறிவியல் சி பிளஸ், வரலாறு சி. கணிதம் டி. ஆங்கிலம் இ. வாணிகத்திலும் டி. தாயார் ‘சுமார்’ என்று சொன்னது சரிதான். பள்ளியில் இருநூறு பேரை வரிசையில் நிறுத்தினால் இவன் பாதிக்குக் கீழே நிற்பான்.

ஆனால் வரிசையில் எங்கே நிற்கிறான் என்பதை இந்தப் படிப்பு கேட்பதில்லை. நம் பெற்றோர் பலர் இதை விளங்கிக்கொள்வதில்லை. ‘எத்தனை ஏ?’ என்பதே நம் வீட்டுக் கேள்வியாகிவிட்டது. மருத்துவ உதவியாளர் டிப்ளோமாவுக்குப் பொதுவாகக் கேட்பது ஐந்து கிரெடிட். அதாவது சி அல்லது அதற்கு மேல். அந்த ஐந்தில் மலாய்மொழி ஒன்று, கணிதம் ஒன்று, அறிவியல் பாடம் ஒன்று இருந்தாக வேண்டும். மற்ற இரண்டும் வேறு எந்தப் பாடமானாலும் சரி. ஆங்கிலத்தில் தேர்ச்சி போதும். வரலாற்றில் தேறாமல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பது 2013 முதல் நடைமுறை. இந்த நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறலாம். அந்தந்த ஆண்டின் விளம்பரத்தைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பையனின் தாளை மறுபடியும் பாருங்கள். எண்ணினால் ஐந்து கிரெடிட் இருக்கிறது. தமிழும் நன்னெறியும் அவனைக் கைவிடவில்லை. (தமிழை எஸ்.பி.எம்.-இல் எடுத்தால் பாரம் என்று நிறுத்திவிடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.) ஆனால் கணிதம் டி. நான்கு சுவரும் எழுப்பி, வாசற்படி இல்லாத வீடு மாதிரி! அதே அடுக்குமாடியில் இன்னொரு பெண்பிள்ளை. அவளுக்கு ஏ ஒன்றுகூட இல்லை. கணிதம் சி, அறிவியல் சி, மலாய் சி, இன்னும் இரண்டு சி. அவளுக்கு வாசல் திறந்திருக்கிறது. அவள் வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. கடையில் விற்பனை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போய்ச் சொன்ன பிறகுதான் அரசாங்கச் சேவை ஆணையத்தில், எஸ்.பி.ஏ.-வில், பெயர் பதிந்தாள்.

இதற்கிடையில் பையனின் வீட்டுக்கு ஒருவர் வந்து போயிருக்கிறார். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, வழவழப்பான வண்ணத்தாள் நாலைந்து கையில் வைத்திருந்தாராம். “கணிதம் கிரெடிட் வேண்டாம் அம்மா, இடம் ரெடி, பிடிபிடிஎன் கடனும் நாங்களே எடுத்துக் கொடுக்கிறோம், இந்த வாரத்துக்குள் ஐந்நூறு வெள்ளி கட்டினால் போதும்” என்று சொல்லியிருக்கிறார். தாயார் அந்தத் தாளையும் கொண்டு வந்திருந்தார். படத்தில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் பிரமாதமாக இருந்தன. படிப்பின் பெயரில் ‘ஹெல்த்’ இருந்தது, ‘கேர்’ இருந்தது, ‘அசிஸ்டன்ட்’ கூட இருந்தது. ஆனால் படித்து முடித்தால் மருத்துவ உதவியாளர் வாரியத்தில் பதிவு கிடைக்கும் என்று எந்த மூலையிலும் ஒரு வரி இல்லை.

அந்தப் படிப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. முதியோர் இல்லத்திலும் தனியார் கிளினிக்கிலும் அதற்கு வேலை கிடைக்கலாம். ஆனால் பையன் ஆசைப்படுகிற வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்டக்டர் ஆக ஆசைப்பட்டவனுக்கு டிக்கெட் அச்சடிக்கும் வேலை கற்றுக்கொடுத்த கதைதான். பெயரில் இருக்கிற ஒற்றுமையை நம்பித் தாலிச்சங்கிலி அடகுக்கடைக்குப் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கடன் மட்டும் பல ஆண்டு தொடரும்.

பேசிக்கொண்டிருப்பதைவிட நேரில் பார்த்துவிட்டு வருவது நல்லது என்று தோன்றியது. பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை, பையனையும் தாயாரையும் ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்குப் புறப்பட்டேன். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவியாளர் பயிற்சிக் கழகங்களில் பழையதும் பெயர் பெற்றதும் அங்கேதான் இருக்கிறது. பேராவில் உலு கிந்தாவிலும் வேறு சில இடங்களிலும் இருந்தாலும், டெங்கில்காரர்களுக்கு அருகில் இருப்பது சிரம்பான்.

சாலாக் திங்கி வழியாக நீலாய் போய் நெடுஞ்சாலை பிடித்தோம். ஒரு காலத்தில் இருபுறமும் ரப்பர் நிழலிலேயே போன பாதை இது. இப்போது செம்பனைக்கு நடுவே புதுப் புது வீட்டுத் திட்டங்கள். வழி நெடுகத் தாயார், இது இன்ன தோட்டம், இங்கே என் சின்னம்மா வாழ்க்கைப்பட்டாள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தான்.

சிரம்பானில் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைப் பக்கம் வண்டியை நிறுத்த இடம் தேடியே அரைமணி நேரம் போயிற்று. தமிழ் மருத்துவமனை ஊழியர்கள் சிலர் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்தோம். பயிற்சி மாணவர்கள் இருவர் பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தைப்பிங் பக்கத்துப் பையன்; மற்றவள் ஜொகூர்த் தோட்டமொன்றில் பிறந்த பெண். நம் பையன் வாயைத் திறக்கவில்லை. தாயார்தான் தயக்கமே இல்லாமல், “தம்பி, கஷ்டமா படிப்பு?” என்று தொடங்கினார்.

மூன்று வருடம், ஆறு பருவம் என்றார்கள். முதலில் உடற்கூறும் உடலியக்கமும். மலாயில் பாடம், ஆங்கிலத்தில் புத்தகம், நடுவில் லத்தீன் பெயர்கள். பிறகு வார்டு வார்டாகப் பயிற்சி: அவசரப் பிரிவு, எலும்புப் பிரிவு, மனநலம், குழந்தைகள். இரவு வேலை உண்டு. ரத்தத்தைப் பார்த்து முதல் வாரம் மயங்கி விழுந்த பையன் இப்போது தையல் போடுவதில் கெட்டிக்காரன் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

“கணக்கு எதுக்கு இவ்வளவு கேக்குறாங்க? ஊசி போடுறதுக்குக் கணக்கா?” என்று நான் வேண்டுமென்றே கேட்டேன்.

அந்தப் பெண் தேநீர்க் கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டு, ரசீதுத் தாளைத் திருப்பிப் போட்டாள். “அண்ணே, பன்னெண்டு கிலோ எடையுள்ள பிள்ளை, காய்ச்சலோடு வருது. பாரசிட்டமால் கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் கொடுக்கணும்னு வச்சுக்கோங்க. போத்தல்ல அஞ்சு மில்லிக்கு நூற்று இருபது மில்லிகிராம்னு போட்டிருக்கு. தாய் நம்ம முன்னால நிக்கிறா. எத்தனை மில்லி?”

நம் பையன் அதுவரை வாயைத் திறக்காதவன், தாளைத் தன் பக்கம் இழுத்தான். பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கினான், நூற்று எண்பது. நூற்று எண்பதை நூற்று இருபதால் வகுக்கும் இடத்தில் சற்று நின்றான். ஒன்றரை. பிறகு ஐந்தால் பெருக்கி, “ஏழரை மில்லி” என்றான்.

“சரி,” என்றாள் அந்தப் பெண். “இதையே ராத்திரி மூணு மணிக்கு, தூக்கக் கலக்கத்துல, ஆள் பக்கத்துல நின்னு அழும்போது போடணும். தப்பு பண்ணக்கூடாது.”

டி வாங்கியவன் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டான் என்பதை நான் கவனித்தேன், தாயாரும் கவனித்தார். வகுப்பறைக் கணிதத்தில் தோற்கும் பிள்ளைகள் கடைக்கணக்கிலும் மருந்துக்கணக்கிலும் தேறுவதை ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் வாரியம் கடைக்கணக்கை ஏற்றுக்கொள்ளாது. சான்றிதழில் சி இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் கடந்தும் பார்க்கலாம். நமது தோட்ட டிரசர் சட்டம் வந்த அதே 1965-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் என்பவர் ‘ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்’ என்ற படிப்பைத் தொடங்கினார். கடற்படையில் காயம்பட்டவர்களைக் கவனித்துவிட்டுத் திரும்பியிருந்த நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டார். அவர்களிடம் பட்டம் இல்லை, பழகிய கை இருந்தது. 1967-இல் மூவர் முடித்து வெளியேறினார்கள். இன்று அங்கே அது முதுகலைப் படிப்பாக வளர்ந்துவிட்டது. நான்குக்கு மூன்று புள்ளி இருந்தால்தான் பல கல்லூரிகளில் விண்ணப்பத்தையே பார்க்கிறார்கள். ஆனாலும் நோயாளிகளோடு எத்தனை மணி நேரம் வேலை செய்திருக்கிறாய் என்று கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. புள்ளி குறைந்தவர்கள் அந்த அனுபவத்தை மதிக்கும் கல்லூரிகளைத் தேடிப் பிடித்து விண்ணப்பிக்கிறார்கள். இந்தியாவிலும் 1992-இல் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் இந்தப் படிப்பைக் கொண்டு வந்தது. இங்கே படிக்கப் பணம் இல்லாதவன் அங்கே போகலாமே என்று சிலர் கேட்பார்கள். போகலாம், ஆனால் திரும்பி வந்தால் இங்கே பதிவு கிடைக்குமா என்று நம் வாரியத்தைக் கேட்ட பிறகே விமானச் சீட்டு வாங்க வேண்டும்.

நம் நாட்டில் அனுபவத்தைக் கொண்டு மதிப்பெண்ணை ஈடுகட்ட முடியாது. கிரெடிட் என்பது கிரெடிட்தான். ஆனால் வாசலைத் தாண்டியவர்கள் நேர்முகத்துக்குப் போகிறார்கள். அங்கே செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ செம்பிறைச் சங்கத்திலோ இருந்த பையனுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். தைப்பூசத்தில் பத்துமலையில் முதலுதவிக் கூடாரத்தில் நின்ற பிள்ளை, காவடி எடுத்து மயங்கியவரை எப்படிக் கிடத்தினேன் என்று சொன்னால், ஐந்து ஏ வாங்கிய பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

திரும்பி வரும் வழியில் நீலாயில் வண்டியை நிறுத்தி, இளநீர் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டோம். பையனுக்கு முன்னால் மூன்று வழி இருந்தன.

அந்த வண்ணத்தாள் படிப்பில் இப்போதே சேர்ந்துவிடலாம். அதை முதலில் ஒதுக்கினோம். மருத்துவமனையில் பராமரிப்பு உதவியாளராக எஸ்.பி.எம். சான்றிதழைக் கொண்டே விண்ணப்பிக்கலாம். நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்குவது, தள்ளுவண்டி தள்ளுவது, குளிப்பாட்டுவது. மரியாதையான வேலை. ஆனால் அதையே முடிந்த முடிவாக வைத்துக்கொள்ள அவன் மனம் ஒப்பவில்லை. மூன்றாவது, கணிதத்தை மட்டும் மறுபடியும் எழுதுவது. தனியார் தேர்வாளராகப் பதிந்து அடுத்த எஸ்.பி.எம்.-இல் அந்த ஒரு பாடத்தை எழுதலாம். ஒரு வருடம் போகும். தாயாருக்கு அந்த ஒரு வருடம்தான் உறுத்தியது.

“மத்தவன் எல்லாம் முன்னால போயிடுவானே சார்.”

“போகட்டும் அம்மா. இருபத்தைந்து வயதில் யார் எந்த வயதில் சேர்ந்தார் என்று நோயாளி கேட்கப் போவதில்லை” என்றேன். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. மறுத்துப் பேசவும் இல்லை.

கணிதம் கிடைத்துவிட்டால் முதலில் அரசாங்கக் கழகத்துக்கே விண்ணப்பம். எஸ்.பி.ஏ. வழியாகப் போக வேண்டும். விளம்பரம் வந்த சில நாள்களுக்குள் பதிவை முடிக்க வேண்டும். கடைசி இரவு வரை காத்திருந்தால் இணையத்தளம் நகராது. தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் குடும்பத்துக்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் போட்டி கடுமை. ஐந்து சி வைத்திருப்பவனுக்கு அழைப்பு வராமலும் போகலாம். அதற்காகத்தான் தனியார் கல்லூரிகளில் இரண்டொன்றையும் பட்டியலில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. தனியாரில் மூன்றாண்டுக்குப் பல்லாயிரம் வெள்ளி ஆகும். பிடிபிடிஎன் கடன் முழுவதையும் தாங்காது. நம் சமூகத்தில் 1984 முதல் இயங்கும் எம்.ஐ.இ.டி. போன்ற நிதியமைப்புகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

தனியார் கல்லூரிக்குப் போகும் பெற்றோர் வாசலிலேயே கேட்க வேண்டிய கேள்விகளைத் தாயாருக்கு எழுதிக் கொடுத்தேன். மலேசியத் தகுதி முகவாண்மை, அதாவது எம்.கியூ.ஏ., இந்தப் படிப்புக்கு முழு அங்கீகாரம் தந்திருக்கிறதா, அல்லது தற்காலிகமா? மருத்துவ உதவியாளர் வாரியம் இந்தப் படிப்பை ஏற்றிருக்கிறதா? வார்டுப் பயிற்சி எந்த மருத்துவமனையில்? போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேருக்குப் பதிவு கிடைத்தது? கணிதத்தைத் தனியாக எழுதி வாங்கிய இரண்டாவது சான்றிதழையும் முதலாவதையும் சேர்த்து ஏற்பார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை எஸ்.பி.ஏ.-விடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். முழு அங்கீகாரம் பெற்ற படிப்புகளை எம்.கியூ.ஏ. இணையப் பதிவேட்டில் வெளியிடுகிறது. பள்ளியிலோ நூலகத்திலோ பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கழுத்துப்பட்டை கட்டியவரின் வாய்ச்சொல் வேண்டாம். இவற்றில் ஒன்றுக்காவது, “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் அம்மா” என்று பதில் வந்தால் காலணியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

பையனுக்கு உள்ள ஆங்கில ‘இ’யைப் பற்றியும் ஒரு சொல். நிபந்தனைப்படி அது போதும். ஆனால் மருந்துப் பெயரும் நோய்க்குறிப்பும் ஆங்கிலத்தில்தான் வரும். ஆகையால் கணிதத்துக்குக் காத்திருக்கும் வருடத்தில் தினமும் ஒரு பக்கம் ஆங்கிலம் படிக்கச் சொல்லியிருக்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளே நல்ல பாடப் புத்தகம்.

தாமான் பெர்மாத்தாவில் அவர்களை இறக்கிவிட்டபோது விளக்கு வைத்து நேரமாகிவிட்டது. மூன்றாம் மாடியில் இருந்து யாரோ தாயாரைக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தார்கள். பையன் காரை விட்டு இறங்காமல் ரசீதுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

இப்போது செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் கணித வகுப்பு நடக்கிறது. அவன் ஒருவனோடு தொடங்கியது. இன்று ஐந்து பேர். விற்பனை வேலைக்குப் போயிருந்த அந்தப் பெண்பிள்ளைக்கு எஸ்.பி.ஏ.-யில் இருந்து இன்னும் கடிதம் வரவில்லை. ஆனால் அவளும் வந்து உட்காருகிறாள், மற்றவர்களுக்குப் பின்னங்களைச் சொல்லிக் கொடுக்க. பையன் பகலில் டெங்கில் கடைவீதியில் டயர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் காஜாங்கில் செயின்ட் ஜான் பயிற்சிக்குப் போகிறான். வடிவியலில் இன்னும் தடுமாறுகிறான். விகிதமும் பெருக்கலும் பரவாயில்லை.